பாஸ் ட்ராம்போனுக்கு ஒரு ஸ்டெப்னி: எதை வாங்கலாம்?

ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இரண்டு வால்வு பாஸ் ட்ராம்போன் ஒன்று இருக்கிறதாம் (ஸ்லைடு என்ற குழாயை இழுத்து வாசிக்கும், தாழ்ந்த குரல் பித்தளைக் கருவி; வால்வை அமுக்கினால் காற்று கூடுதல் குழாய் வழியே போய்ச் சுரம் இறங்கும்). அது மக்கர் செய்தால் கைகொடுக்க இன்னொன்று வேண்டும், அதே மாடலையே வாங்கிவிடலாமா என்கிறார்.

நான் சென்னை வேப்பேரிப் பக்கம் ஒரு சர்ச் பேண்டில் வாசிக்கிறேன். ஒரு டிசம்பரில், கேரல் ஆராதனைக்கு முந்தின நாள், ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பெட்டி கைநழுவி விழுந்தது. பெல்லில், அதாவது விரிந்த வாயில், டொக்கு விழுந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன், தட்டி எடுக்க ஆள் உண்டு. விழுந்ததோ ஸ்லைடின் வெளிக்குழாயில். உள்குழாய்க்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான், கடுகளவு பள்ளம் போதும், ஸ்லைடு சிக்கிக்கொள்ளும். ரிப்பேருக்குப் போனது பிப்ரவரியில்தான் திரும்பியது.

அன்றைக்குக் காப்பாற்றியது நண்பரின் எஃப் வால்வு வைத்த டெனர், பாஸைவிடச் சின்ன ட்ராம்போன். 13.9 மில்லிமீட்டர் போர் (குழாயின் உள்விட்டம்) உள்ள டெனருக்கும் மவுத்பீஸ் செருகும் முனை, ஷாங்க் என்பார்கள், பெரியதுதான், அதனால் என் மவுத்பீஸ் அப்படியே உட்கார்ந்தது. சத்தம்தான் மெலிந்துவிட்டது. பேண்ட் மாஸ்டர் “என்னப்பா, தொண்டை கட்டிடுச்சா?” என்றார்.

அதனால் அதே மாடல் தேவையில்லை என்பேன், ஆனால் மவுத்பீஸ் மாறக் கூடாது. பதற்றத்தில் உதட்டுக்குப் பழகிய விளிம்புதான் துணை.

அப்புறம் வால்வு. உங்களுடையது இன்டிபென்டன்ட், அதாவது இரண்டு வால்வும் தனித்தனியே வேலை செய்யும் வகை என்றால், கட்டைவிரல் வால்வு கருவியை எஃப் சுருதிக்கு இறக்கும், நடுவிரல் ஜி ஃபிளாட்டுக்கு, இரண்டும் சேர்ந்தால் டி-க்கு. டிபென்டன்ட் வகையில் இரண்டாவது வால்வை மட்டும் அமுக்கினால் ஒன்றும் நடக்காது. விரல் பழக்கத்தில் போய் அமுக்கும், வருவது வேறு சுரம். இரண்டு வால்வு ஸ்பேர் வாங்கினால் இது ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

நான் கடைசியில் வாங்கியது ஒற்றை வால்வு பாஸ், பழையது. யமஹா ஒய்பிஎல்-421ஜி மாதிரி வகை: 14.3 மில்லிமீட்டர் போர், ஒன்பதரை அங்குல பெல். குறை ஒன்று உண்டு. எஃப் வால்வைப் போட்டால் ஸ்லைடில் ஏழு பொசிஷனுக்கு (ஸ்லைடை நிறுத்தும் இடங்கள்) நீளம் போதாது, ஆறுதான் கிடைக்கும். லோ சி வரைக்கும் எட்டலாம், லோ பி கிடையாது. எங்கள் கீர்த்தனைகளில் அந்த சுரம் எப்போதோ ஒருமுறைதான் வரும், வந்தால் ஒரு ஆக்டேவ் மேலே போட்டுக்கொள்கிறேன். ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவருக்கு இந்தச் சமாளிப்பு சரிவராது, அவர் இரண்டு வால்வுக்கே போகட்டும்.

பழையது வாங்கினால் வால்வைத் தொடாமல் எஃப் வால்வுக் குழாயில் சுருதி சேர்க்கும் ட்யூனிங் ஸ்லைடை உருவுங்கள், பிறகு அமுக்குங்கள். ‘பொப்’ என்று கேட்டால் ரோட்டரில், அதாவது வால்வுக்குள் சுழலும் உருளையில், கசிவு இல்லை. பெல்லைக் கழற்றி ஸ்லைடைச் சாய்த்தால் அது தானாக வழுக்கி இறங்க வேண்டும். பெல்லில் லாக்கர் பூச்சு உரிந்திருந்தால் விலையில் பேசிக் குறையுங்கள், அவ்வளவுதான்.

வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால் நம்ம ஊர்க் கடல்காற்றுக்கு ரோட்டர் இறுகிப்போகும். காற்றில்லாத ஸ்டெப்னி கதைதான். நான் வியாழக்கிழமை ஒத்திகைக்கு ஸ்பேரைத்தான் எடுத்துப் போகிறேன்.