எக்ஸோதெர்மிக் வெல்டிங்கில் ஜாயின்ட் ஓட்டை ஓட்டையாக வருகிறது, என்ன காரணம்? பேசாமல் கிளாம்ப் போட்டுவிடலாமா?

அச்சுக்குள் (மோல்டு) பவுடரை எரித்து, அதில் உருகும் செம்பாலேயே ஒட்டும் வேலைதான் இந்த வெல்டிங். மண்ணில் இறக்கும் எர்த் ராடோடு செம்புக் கேபிளை இணைக்கிறீர்கள், மோல்டும் பவுடரும் சரியான அளவு என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தை.

கிராஃபைட் மோல்டு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். உருகிய செம்பு இறங்கியதும் அது ஆவியாகி உலோகத்துக்குள் குமிழாகச் சிக்கிக்கொள்ளும். ஈரம் கூடுதலாக இருந்தால் செம்பே வெளியே தெறிக்கும், ஆபத்து. தொட்டுப் பார்த்து ‘காய்ந்துதான் இருக்கிறது’ என்பது செல்லாது. புளோ டார்ச்சால் மோல்டைச் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். கேபிள் நுனியையும் சூடுகாட்டுங்கள், இழைகளுக்குள் தண்ணீர் ஏறியிருக்கும்.

அடுத்தது அழுக்கு. வயர் பிரஷ்ஷால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு என்றால் இணையும் இடத்தில் துத்தநாகப் பூச்சை அரத்தால் எடுத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் அதுவும் ஆவியாகி ஓட்டை போடும், புகையும் உடம்புக்கு ஆகாது.

மோல்டுக்குள் பவுடரைத் தாங்கி நிற்கும் ஸ்டீல் டிஸ்க் கோணலாக உட்கார்ந்தால் பவுடர் எரியும் முன்பே கீழே கொட்டிவிடும். குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும். பவுடர் டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் பற்றவைப்புப் பவுடரைத் தட்டி எடுத்து மேலே பரப்பி, விளிம்பிலும் ஒரு சிட்டிகை வையுங்கள். மூடியை மூடி, பக்கவாட்டில் நின்று ஃப்ளிண்ட் கன்னால் (தீப்பொறி அடிக்கும் கருவி) பற்றவைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். செம்பு ஆக்சைடிலிருந்து அலுமினியம் ஆக்சிஜனைப் பிடுங்குவதில் வரும் சூடுதான் செம்பை உருக்குகிறது. குறைந்தது 15 விநாடி கழித்தே மோல்டைத் திறக்கலாம்.

கிளாம்ப் கூடாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். சோதனைக்காகக் கழற்ற வேண்டிய இடத்தில் அதுதான் சரி. மண்ணுக்குள் புதைவதற்கு வெல்டிங்தான். துணைமின்நிலைய எர்த்திங்குக்கான ஐ.இ.இ.இ. 80 தரநிலையில் நட்டு போல்ட் இணைப்புக்கு வெப்ப வரம்பு 250 முதல் 350 டிகிரி. இந்த வெல்டிங்குக்குச் செம்பு உருகும் 1083 டிகிரி வரை அனுமதி.

எரிச்சலூட்டுவது வேறொன்று. மல்டிமீட்டர் ‘பீப்’ அடித்தால் போதும், குழியை மூடிவிடுகிறார்கள். பாதி ஒட்டிய ஜாயின்ட்டும் பீப் அடிக்கும்! ஃபால்ட் கரண்ட் (கோளாறில் பாயும் பெரிய மின்னோட்டம்) பாயும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். மேலே படிந்த ஸ்லாக்கை (கசடு) சுரண்டிவிட்டு ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கேபிளின் நடுமட்டத்துக்குக் கீழே இறங்கினால் வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். அதன் மேலேயே இன்னொரு முறை வெல்டு அடிக்காதீர்கள்.