கையில் நூறு இருந்தால் நிம்மதி வருமா?

கேள்வி:

பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். தொகைகளையெல்லாம் ஆயிரத்தில் எழுதுகிறேன். கைக்கு வரும் சம்பளம் 52. வீட்டுச் செலவு 44. தம்பி ஒரு தொழில் தொடங்கித் தடுமாறுகிறான், அவனுக்கு மாதம் 10 கொடுத்துவருகிறேன். வங்கியில் இப்போது 40 இருக்கிறது. போன வருடம் இதே மாதத்திலும் 40தான் இருந்தது. நடுவில் ஒரு பழைய வைப்புத்தொகை முதிர்ந்து 24 வந்தது. பார்க்கப்போனால் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் மாதக் கடைசி வந்தால் பயமாக இருக்கிறது. ஒரு செயலியில் 60 கடன் தருகிறார்கள். 15 சதவீத வட்டி, இரண்டு வருடத் தவணை. வாங்கிப் போட்டால் கையில் 100 இருக்கும். அதில் 30-ஐ எடுத்து, அதே செயலி வரைபடம் போட்டுக் காட்டும் முதலீட்டுத் திட்டத்தில் போடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

கடன் வேண்டாம். முதலீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு இப்போது அவசரம் இல்லை.

சாய்வு (ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்பது), ஒய் வெட்டுத்துண்டு (செங்குத்து அச்சில் கோடு தொடங்கும் இடம்) இரண்டையும் வகுப்பில் நடத்துகிறவர் நீங்கள். அதனால் நேராகவே கேட்கிறேன்: கரும்பலகையில் போடும் அந்தக் கோட்டை உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒருமுறையாவது போட்டுப் பார்த்தீர்களா? 40, 60, 100 என்று நீங்கள் எழுதியதெல்லாம் கோடு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் சொல்கின்றன. அது எந்தப் பக்கம் போகிறது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பயம் அங்கிருந்துதான் வருகிறது.

52-ல் 44 போனால் மிச்சம் 8. தம்பிக்குப் போவது 10. மாதம் 2 குறைகிறது. ஆக, இருப்பு = 40 − 2 × மாதம். செங்குத்து அச்சில் 40-க்கு நேராக ஒரு புள்ளி வையுங்கள். வலப்பக்கம் ஒரு மாதம் நகரும்போதெல்லாம் 2 கீழே இறங்குங்கள். 20-வது மாதத்தில் கோடு கிடை அச்சைத் தொட்டுவிடும். அன்றைக்குக் கணக்கில் ஒன்றும் இருக்காது.

"ஒன்றும் குறையவில்லை" என்கிறீர்களே, அங்கேதான் ஏமாந்துவிட்டீர்கள். போன வருடத்துப் புள்ளியையும் இந்த வருடத்துப் புள்ளியையும் சேர்த்தால் கோடு படுத்துக்கொண்டுதான் இருக்கும், சாய்வு சுழியம் என்றுதான் வரும். ஆனால் நடுவில் வந்த 24 உங்கள் மாத வரவு இல்லை. பன்னிரண்டு மாதம், மாதம் 2 வீதம் கரைந்தது 24. வைப்புத்தொகை வந்து அந்தப் பள்ளத்தைச் சரியாக மூடிவிட்டது. மொத்தமாக ஒரு தொகை வந்து விழும் இடத்தில் கோடு அறுந்து, மேலே வேறோர் இடத்திலிருந்து மறுபடி இறங்கத் தொடங்குகிறது. அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் சாய்வைத் தனித்தனியாக எடுத்தால் இரண்டு பக்கமும் மைனஸ் 2தான். அடுத்த வருடம் முதிர இன்னொரு வைப்பு இருக்கிறதா?

சரி, இப்போது கடன். 60-க்கு 15 சதவீதத்தில் இரண்டு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 2.9 வரும். 3 என்றே வைத்துக்கொள்வோம். புதுக் கோடு 100-ல் தொடங்குகிறது, உண்மைதான். ஆனால் சாய்வு மைனஸ் 2-லிருந்து மைனஸ் 5-க்குப் போய்விடுகிறது. இருப்பு = 100 − 5 × மாதம். இது எப்போது கிடை அச்சைத் தொடும்? அதே 20-வது மாதத்தில்!

இரண்டு கோட்டையும் ஒரே தாளில் போடுங்கள். ஒன்று 40-லிருந்து மெதுவாக இறங்கும், இன்னொன்று 100-லிருந்து வேகமாக இறங்கும், இரண்டும் ஒரே இடத்தில் போய் விழும். கடன் வாங்காமல் போனால் அந்த இடத்தில் கையில் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். வாங்கியிருந்தால் அதற்குமேல் இன்னும் நான்கு தவணை பாக்கி நிற்கும். 60 வாங்கி 70-க்குக் கொஞ்சம் குறைவாகத் திருப்பிக் கட்டி, ஒரு மாதம்கூடக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கவில்லை.

பணத்தைக் கோடாக வரைந்து பார்ப்பது பழைய வழக்கம். 1786-ல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர், டென்மார்க், நார்வே நாடுகளுடன் இங்கிலாந்து செய்த வணிகத்தை ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு என்று வரைந்தார். 1750-களின் நடுவில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதற்கு முன் இறக்குமதி அதிகம், இங்கிலாந்துக்குப் பாதகம்; அதற்குப் பின் ஏற்றுமதி அதிகம், சாதகம். பட்டியலில் எண்களாகப் படித்தால் சட்டென்று பிடிபடாத திருப்பம் அந்தப் படத்தில் ஒரே பார்வையில் தெரியும். உங்களுக்கும் அப்படி ஒரு வெட்டும் புள்ளிதான் வேண்டும்.

அது தம்பியிடம் இருக்கிறது. கூடப் பிறந்தவனுக்கு உதவுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொடுக்கும் விதத்தில்தான் சிக்கல். முடிவுத் தேதி இல்லாமல் மாதாமாதம் போகும் பணம் சாய்வோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரே தடவையில் கொடுப்பது வெட்டுத்துண்டை மட்டும்தான் தொடும். தம்பிக்கும் மாதம் 10 வருவது பழகிவிட்டால், தொழில் உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது.

என் யோசனை இது. இருக்கும் 40-ல் 20-ஐ எடுத்து ஒரே தடவையாகத் தம்பிக்குக் கொடுங்கள், மாதப் பணத்தை நிறுத்துங்கள். 20-ல் தொடங்கும் கோட்டைப் பார்த்தால் நெஞ்சு பதறும். ஆனால் சாய்வு பிளஸ் 8. இருப்பு = 20 + 8 × மாதம். பழைய கோடும் இதுவும் எங்கே வெட்டுகின்றன? இரண்டாவது மாதத்திலேயே, இருப்பு 36 இருக்கும்போது. வருடம் முடியும்போது பழைய வழியில் 16 இருக்கும், இந்த வழியில் 116 இருக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் கை இறுக்கமாகத்தான் இருக்கும், அப்போது பெரிய செலவு எதையும் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒரேயடியாக நிறுத்த முடியாது, வீட்டில் சண்டை வரும் என்றால் 10-ஐ 5 ஆக்குங்கள். சாய்வு பிளஸ் 3 ஆகும். 40-லிருந்து கிளம்பி 20-வது மாதத்தில் 100-ஐத் தொடுவீர்கள். கடன் வாங்கிப் பார்க்க நினைத்த அதே 100, வட்டி இல்லாமல். ஆனால் அந்த 5-க்கும் எந்த மாதத்தோடு முடிகிறது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இந்தக் கணக்கு மாதத் தொகைகள் மாறாத வரைக்கும்தான் நேர்கோடு. சம்பளம் கூடினால் சாய்வு நிமிரும், விலைவாசி ஏறினால் சரியும். அதனால் ஒவ்வொரு மாதமும் சம்பளம் வருவதற்கு முதல் நாள் இருப்பைப் பார்த்து ஒரு புள்ளி வையுங்கள். சம்பளத் தேதிக்கு அடுத்த நாள் பார்த்தால் எல்லோருமே பணக்காரர்கள்தான். ஆறு புள்ளி சேர்ந்ததும், உங்களுக்குப் பிடித்த இரண்டை மட்டும் சேர்க்காமல், எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே போகும்படி அளவுகோலை வையுங்கள். பிளஸ் 8 என்று நினைத்தது பிளஸ் 5 ஆக இருந்தால், வீட்டுச் செலவு 44 இல்லை, 47 என்று அர்த்தம்.

அப்புறம் அந்த முதலீட்டுத் திட்டம். 15 சதவீதத்துக்கு வாங்கிய பணத்தைப் போட்டால், 15 சதவீதம் ஈட்டினால்தான் நஷ்டமில்லாமல் தப்பிக்கலாம். அப்படி ஈட்டித் தருவேன் என்று எவராவது உறுதி சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். செயலியின் வரைபடத்தில் செங்குத்து அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். 95-ல் தொடங்கும் அச்சில் 96-லிருந்து 104-க்குப் போவது மலையேற்றம் மாதிரி தெரியும். சுழியத்தில் தொடங்கும் தாளில் அதையே போட்டால் லேசான மேடுதான். தவிர, உங்கள் தவணை மாதாமாதம் மாறாமல் வரும், சந்தை அப்படி வராது. கடந்த வருடப் புள்ளிகளைச் சேர்த்த கோட்டை அடுத்த வருடத்துக்கும் நீட்டிக் காட்டுகிறவர்களை நம்பிக் கடன் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மூன்று மாத வீட்டுச் செலவு, அதாவது 132, கணக்கில் சேரட்டும். 20-ல் தொடங்கி மாதம் 8 ஏறினால் 14 மாதம் ஆகும். அதன்பிறகு முதலீடு பற்றி எழுதுங்கள், விவரமாகப் பேசலாம்.