அரூபா தனி நாடா, நெதர்லாந்தின் ஒரு பகுதியா? அங்கே உண்மையில் யார் ஆள்கிறார்கள்?

கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவு நாடுதான், ஆனால் சுதந்திர நாடு இல்லை. நெதர்லாந்து முடியரசுக்குள் நெதர்லாந்து, அரூபா, குராசாவ், சின்ட் மார்ட்டன் என்று நான்கு நாடுகள், காகிதத்தில் நான்கும் சமம். ராணுவம், வெளியுறவு, குடியுரிமை முடியரசிடம். வரி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ், ஃபுளோரின் என்ற சொந்தப் பணம் எல்லாம் அரூபாவிடம். 21 பேர் கொண்ட ஒரே சபை, பெரும்பான்மை சேர்ப்பவர் பிரதமர். 180 சதுர கிலோமீட்டர் தீவுக்கு இது தாராளம்.

இதில் வேடிக்கை, அரூபாக்காரர்கள் முதலில் பிரிய நினைத்தது டச்சுக்காரர்களிடமிருந்து இல்லை, பக்கத்துத் தீவான குராசாவிடமிருந்து. ஆறு தீவுகளைச் சேர்த்து நெதர்லாந்து அண்டிலிஸ் என்று ஒரே நிர்வாகமாக வைத்திருந்தார்கள், தலைநகர் குராசாவில், எங்கள் எண்ணெய் ஆலைப் பணம் அங்கே போகிறது என்று இவர்களுக்கு எரிச்சல். பெட்டிகோ குரோஸ் என்ற தலைவர் போராடி 1986 ஜனவரி 1 முதல் தனி அந்தஸ்து வாங்கினார். ஆனால் அதற்குச் சற்று முன் நடந்த தேர்தலில் தோற்றுப்போனார், விடிந்தால் தனி அந்தஸ்து என்ற டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் நினைவிழந்தவர் கண் விழிக்காமலே 1986 நவம்பரில் இறந்தார். முதல் பிரதமரானது ஹென்னி எமான். பத்தாண்டு கழித்து, 1996-ல், முழு சுதந்திரம் என்பதும் அப்போதைய ஒப்பந்தம்தான், அதை அரூபாவே வேண்டாம் என்று சொல்லி நீக்க வைத்தது.

சரி, யார் ஆள்கிறார்கள்? சாதாரண நாட்களில் பிரதமர்தான். பணத்தில் சிக்கல் வந்தால்தான் ஆளுநரின் இன்னொரு முகம் தெரியும். அவர் அரூபா அரசின் தலைமையில் இருப்பவர், அதே சமயம் முடியரசின் ஆள். 2014-ல் பற்றாக்குறை அதிகம் என்று சொல்லி பட்ஜெட்டில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று, நெதர்லாந்து அரசு இருக்கும் ஹேக் நகரிலிருந்து அவருக்கு உத்தரவு வந்தது, அவரும் போடவில்லை. அப்போதைய பிரதமர் மைக் எமான், அந்த ஹென்னியின் தம்பி, ஜூலையில் உண்ணாவிரதம் உட்கார்ந்துவிட்டார்! பதவியில் இருக்கும் பிரதமர், தன் பட்ஜெட்டுக்காக. ஒரு வாரம் போல இழுத்து சமரசம் ஆனது, ஆனால் அடுத்த ஆண்டே வரவு செலவைப் பார்க்க ஒரு மேற்பார்வைக் குழு வந்து உட்கார்ந்தது. என்னைக் கேட்டால் அந்தச் சுற்றில் ஜெயித்தது ஹேக்தான். (மைக் எமான் 2025-ல் மறுபடி பிரதமரானது தனிக்கதை.)

அந்த உத்தரவு போட்டது முடியரசின் அமைச்சரவை. பெயர் பெரிசு, உள்ளே பார்த்தால் நெதர்லாந்து அமைச்சர்கள் மொத்தப் பேரும், மூன்று தீவுகளுக்கும் தலைக்கு ஒரு பிரதிநிதியும். அரூபாக்காரர் கையில் இருப்பது நெதர்லாந்து பாஸ்போர்ட், அதை வைத்து ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம். ஆனால் அந்த அமைச்சர்களைக் கேள்வி கேட்கிற நெதர்லாந்து நாடாளுமன்றத்துக்கு, பத்து வருடமாவது அங்கே போய் வாழ்ந்திருந்தால் தவிர, ஓட்டுக் கிடையாது.