தலைப்பை வெட்டும்போது புள்ளி மறைந்துபோவது பற்றி

வணக்கம். செய்தித் தலைப்பை 20 எழுத்தோடு நிறுத்த ஜாவாஸ்கிரிப்டில் ஸ்லைஸ் (ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் முறை) போட்டால் 'நாகர்கோவில்' என்பது 'நாகர்கோவில' என்று புள்ளி போய் நிற்கிறது என்கிறீர்கள். எழுத்துருவைச் சந்தேகிக்க வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது நம் எழுத்தை அல்ல, குறியீட்டு அலகை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டை. 'தமிழ்' என்பதன் லெங்த் கேட்டுப் பாருங்கள், 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. வெட்டு புள்ளிக்கு முன்னால் விழுந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஓகாரக் குறி இரண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தால் இன்னும் வேடிக்கை: 'கோ' பாதியில் அறுந்து 'கே' ஆகும்! அதனால் முதலில் நார்மலைஸ் செய்து, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் உரையைத் துண்டுகளாகப் பிரித்துத் தரும் இன்ட்ல்.செக்மென்டர் ஒன்றை உருவாக்குங்கள். கிரானுலாரிட்டி (எந்த அளவில் பிரிப்பது என்பது) கிராஃபீம்தான், அதாவது கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவது; எதுவும் சொல்லாவிட்டாலும் அதுவே இயல்பு. அதன் செக்மென்ட் முறைக்குத் தலைப்பைக் கொடுத்து, வருவதை அர்ரே.ஃப்ரம் மூலம் பட்டியலாக்கி, அந்தப் பட்டியலில் ஸ்லைஸ் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் செக்மென்ட் பண்பையும் எடுத்து ஜாயின் செய்தால் போதும். 'தமிழ்' இப்போது 3. 'க்ஷ' மட்டும் இரண்டாகவே எண்ணப்படும், பெரிய தொல்லையில்லை. ஃபயர்ஃபாக்ஸில் இந்தச் செக்மென்டர் 2024இல்தான் வந்தது. பழைய பதிப்புக்காரர்கள் இருந்தால் கவனம்.

ஒரு வரிக்குள் அடங்கினால் போதும் என்றால் இதெல்லாம் எதற்கு? பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஓவர்ஃப்ளோ ஹிடன், ஒயிட்-ஸ்பேஸ் நோராப், டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் மூன்றையும் போடுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.