தொண்டைக்குக் கரண்ட் பிடிக்கும் கிழமைகளில்

கேள்வி: என் கணவருக்கு வயது 61. தொண்டைப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழையில் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடிக்கிறோம். மொத்தம் 35 நாள், 19 முடிந்துவிட்டது. தொண்டையெல்லாம் புண். ஒரு மிடறு தண்ணீர் விழுங்கவும் கண்ணை இறுக்கி மூடுகிறார். எதைச் சாப்பிட்டாலும் மண் மாதிரி இருக்கிறதாம். ஆனால் ஒடியற்கூழ் கேட்கிறார். மூக்கால் குழாய் போட வைத்தியர் சொன்னார், இவர் மறுத்துவிட்டார். "இதோட விடுவம்" என்கிறார். பேத்தியைக் கிட்ட விடக்கூடாது என்று மாமி சொல்கிறார். என்ன செய்வேன்?
- ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்:

தங்கச்சி, முதல் வேலையாகப் பேத்தியை அவர் மடியில் இருத்துங்கள். வெளியே இருந்து மெஷினால் பிடிக்கிற கதிர் உடம்பில் தங்குவதில்லை. மெஷின் நின்றதும் அதுவும் நின்றுவிடும். பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல் என்றால் மட்டும் தள்ளி வையுங்கள், அது அவருக்குத் தொற்றக்கூடாது என்பதற்காக.

"இதோட விடுவம்" என்கிறாரே, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கிழமைக்கு 5 நாள், 7 கிழமை என்பது கணக்குப் பார்த்துப் போட்டது. இடையில் நாள் விட்டால், மிஞ்சியிருக்கிற புற்றுக் கலங்கள் திரும்பப் பெருகத் தொடங்கிவிடும். நோயை எரிக்கிற அதே கதிர்தான் வாயிலும் தொண்டையிலும் உள்ள மெல்லிய தோலையும் உரிக்கிறது. இரண்டாம், மூன்றாம் கிழமையில் தொடங்கி, போகப் போகக் கூடும். இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் தாதியாக இருந்த காலத்தில், புண்ணைப் பார்த்து நோய் பரவிவிட்டது என்று மனதுக்குள் முடிவெடுத்து, ஒருவருக்கும் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஆண்கள் எத்தனையோ பேர்.

வலியைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பனடோல் காணாது என்றால் நாளைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள். மோர்ஃபின் பாணி தந்தால் "கடைசிக் கட்ட மருந்து" என்று பயப்படவேண்டாம், அது வலிக்கான மருந்து, அவ்வளவுதான். சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவு கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னால் வலி மருந்தைக் கொடுக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். நாக்கில் வெள்ளை படர்ந்திருந்தால் காட்டுங்கள். அது பூஞ்சணமாக இருக்கலாம், மருந்துக்கு அடங்கும்.

வாய் கொப்பளிக்க, ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம். விழுங்கக்கூடாது. தினமும் புதிதாகக் கரையுங்கள். கடையில் விற்கிற, அற்ககோல் கலந்த எரிகிற மருந்துகள் வேண்டாம். வெற்றிலை, சுருட்டு, சாராயம் அறவே வேண்டாம்.

எங்கள் வாட்டில் ஓர் ஐயா இருந்தார். சட்டைப் பையில் ஒரு தேக்கரண்டி எப்போதும் இருக்கும். கோப்பையைப் பார்த்தாலே அவருக்குக் கண் கலங்கும். அதனால் மனைவி கோப்பையை மறைத்துவைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அந்தக் கரண்டியில் இரண்டு வாய் மட்டும் கொடுப்பா. நாடியை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து விழுங்குவார், அப்படித்தான் அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பின்னேரம் பார்த்தால் ஒரு சட்டிக் கஞ்சி முடிந்திருக்கும். நீங்களும் அப்படிப் பாருங்கள். பாற்கஞ்சி, நன்றாக அரைத்த பயற்றங்கஞ்சி, உளுத்தம்மாக் கஞ்சி, மிளகாயும் தேசிக்காயும் போடாத சொதியில் ஊறி மசிந்த இடியப்பம், அவித்து மசித்த முட்டை. சூடு ஆறட்டும். புட்டு இப்போது இறங்காது. தோடம்பழமும் புளியும் எரிக்கும். ஒரு கரண்டி நெய்யோ பாலோ கூடச் சேர்த்தால் அதே இரண்டு வாயில் கூடுதல் சத்துப் போகும். ஒவ்வொரு கிழமையும் நிறை பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்தால், கதிர் பிடிக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்குப் போடுகிற அந்த மாஸ்க்கும் தளர்ந்துபோகும். கதிர் சரியான இடத்தில் படுவதற்கு அது பொருந்தி இருக்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் நிறை இறங்கினால் குழாய்க்குச் சம்மதியுங்கள். குழாய் போட்டால் எல்லாம் முடிந்தது என்ற பேச்சு ஊரில் இருக்கிறது, அது பிழை. புண் ஆறும்வரை சாப்பாடு போக ஒரு வழி அது. விழுங்கலாம் என்று வைத்தியர் சொன்னால், குழாய் இருக்கும்போதும் ஓரிரு மிடறு தண்ணீர் விழுங்கட்டும். விழுங்காமலே விட்டால் தசை மறந்துபோகும்.

கழுத்துத் தோலுக்கு மஞ்சள், நல்லெண்ணெய், களிம்பு எதையும் கேளாமல் பூசாதீர்கள். பிளேட்டால் சவரம் வேண்டாம், கொலர் இல்லாத பருத்திச் சட்டை போதும்.

காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், குடித்தவுடன் புரைக்கேறி இருமினால், இரத்தம் வந்தால், மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டால், கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். 35ஆம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் ஒன்றிரண்டு கிழமை இதே வேதனை இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். அப்புறம்தான் இறங்கத் தொடங்கும். வாய் உலர்வு நெடுநாள் நிற்கும், ஆகவே கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். பல் பிடுங்க நேர்ந்தால், எத்தனை வருடம் கழித்தென்றாலும், தாடைக்குக் கதிர் பிடித்ததைப் பல் வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டும். பிடுங்கின இடம் ஆறாமல் போகக்கூடும். தைரொயிட் இரத்தப் பரிசோதனையையும் கிளினிக்கில் கேளுங்கள்.

கூழ் கேட்கிறார் என்றீர்கள். நாக்கின் ருசி மெல்ல மெல்லத்தான் வரும், மாதக்கணக்காகும். புண் ஆறி, விழுங்குவது சுகமானபிறகு, செத்தல் மிளகாயும் புளியும் இல்லாமல், மீனை முள் நீக்கி மசித்து, ஒடியல் மாவைத் தண்ணீராகக் கரைத்து ஒரு சிரட்டை காய்ச்சிக் கொடுங்கள். முதல் வாயிலே ருசி தெரியவில்லை என்பார். அடுத்த மாதமும் காய்ச்சுங்கள்.