பெயரை மட்டும் மறைத்தால் போதாது

வணக்கம். என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) வழக்கில் உங்கள் தம்பி சாட்சி என்பதால், குற்றப்பத்திரிகை நகல் வழியாக அவர் பெயர் வெளியே போய்விடுமோ என்று அஞ்சுகிறீர்கள். நியாயமான அச்சம்தான். என்ஐஏ சட்டம் 2008-இன் 17-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. சாட்சியே மனு கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று நீதிமன்றம் கருதினால், உத்தரவுகளிலும் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களிலும் பெயர், முகவரி வராமல் தடுக்கலாம். மீறுபவருக்கு 3 ஆண்டு வரை சிறை.

ஆனால் பலர் கோட்டை விடும் இடம் வேறு. பெயரை அடித்துவிட்டு, "எதிர்க் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்" என்ற வரியை அப்படியே விட்டால், அந்தத் தெருவில் யாருக்குத்தான் புரியாது? அத்தகைய வரிகளை ஒவ்வொன்றாக மனுவில் சுட்டிக்காட்டுங்கள். வாக்குமூலம் முழுவதையும் மறைக்கக் கேட்காதீர்கள். எதிர்த்தரப்பு எதை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யும்?

மிரட்டலே வந்துவிட்டது என்றால், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018 தனி வழி. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு போகும். டிஎஸ்பி நிலை அதிகாரி அச்சுறுத்தல் அறிக்கை தருவார். பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதத்தைத் தாண்டாது, முடியும் தேதியை இப்போதே குறித்து வையுங்கள். மிரட்டல் அழைப்பு வந்த எண்ணைக் கோபத்தில் அழித்துவிட வேண்டாம்.