வீட்டுக்குள் வரும் தூஷணத்தை எப்படி நிறுத்துவது?

வேலையிடத்தில் பழகின தூஷணம் வீட்டிலும் வாயில் வருகிறது, மூன்று வயது மகள் அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டாள், எப்படி விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் உழவு மெசின் திருத்தும் கராச் வைத்திருக்கிறேன். காலபோக விதைப்புக்கு மழை விழுந்த கிழமையில், லாண்ட்மாஸ்டரைக் கெதியாக ஓட வைக்கச் சொல்லி நாலு பேர் தலைக்கு மேல் நிற்க, துருப்பிடித்த நட்டில் ஸ்பனர் வழுக்கி விரல் முட்டி தோல் உரிந்தால் யாருக்கும் வாயில் தேவாரம் வராது. ஆகவே இந்தப் பதிலைச் சுத்தக்காரன் ஒருவனின் புத்திமதியாக எடுக்க வேண்டாம்.

ஏ9 வீதியால் போகிற லொறி, பஸ், டிப்பர் எல்லாம் முறிகண்டியில் நிறுத்துவார்கள். பாதை முழுக்க முன்னுக்குப் போகிறவனை ஏசிக்கொண்டு வந்த டிரைவர், பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறும்வரை ஒரு தூஷணம் சொல்ல மாட்டார். அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. ஆளையும் இடத்தையும் பார்த்துத்தான் நாக்கு அவிழ்கிறது. 'இன்றையிலிருந்து ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் பின்னேரத்துக்குள் தோற்பதும் இதனால்தான். எந்த இடத்தில், யாரோடு நிற்கும்போது வருகிறது என்று அவர்கள் பார்ப்பதே இல்லை.

நோவில் வருகிற சொல்லை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் என்பவரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஐஸ் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னவர்கள் கூடிய நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் தினமும் அதிகம் சொல்கிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவு என்று பிறகு கண்டார்கள். சும்மா சும்மா செலவழித்தால் தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது போல.

உங்கள் மகள் பிடித்தது அதையல்ல. கோபமே இல்லாமல், வசனத்துக்கு வசனம் காற்புள்ளி மாதிரி விழுகிறதே, அதைத்தான். அது வாயில் வந்ததே சொன்னவருக்குத் தெரியாது. 1973இல் அஸ்ரின், நன் என்ற இருவர் நகம் கடித்தல் போன்ற பழக்கங்களுக்கு ஒரு முறை எழுதினார்கள்: முதலில் பழக்கம் வருவதைக் கவனிக்கப் பழகு, பிறகு அதே இடத்தில் வேறொன்றைச் செய். கராச்சுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. நான் வாய் தவறினால் ஸ்பனரால் ரிம்மில் ஒரு தட்டுத் தட்டு என்று வேலை பழகும் பெடியனிடம் சொல்லி வைத்தேன். முதலாளிக்கு மணி அடிக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவன் விடுவானா? முதல் நாள்களில் கோயில் திருவிழாதான். ஒரு தரத்துக்கு இவ்வளவு என்று குற்றக்காசு போடும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. காசு கட்டியாச்சே என்று இன்னும் நாலு சொல்வார்கள்.

வாயை வெறுமனே மூடப் பார்க்காதீர்கள், அந்த இடத்துக்கு ஒரு சொல் வேண்டும். எங்கள் அம்மம்மாமாரிடம் நிறைய இருக்கிறது. 'என்ன கோதாரி இது', 'கண்டறியாத நட்டு', 'நாசமாய்ப் போக'. பல்லைக் கடித்துச் சொல்ல வசதியான சொற்கள். 'அடடா', 'ஐயோ' எல்லாம் கராச்சுக்குக் காணாது.

கூட்டாளிகள் 'என்ன மச்சான், வேதத்துக்கு மாறிட்டியோ?' என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும், கொஞ்ச நாளில் அலுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தூஷணத்தில் பாதிக்கு மேல் தாயையும் சகோதரியையும் இழுப்பதுதான். 2009க்குப் பிறகு வன்னியில் தகப்பன் இல்லாமல், தாய் கூலிவேலை செய்து வளர்த்த பெடியன்கள் ஏராளம். அப்படி ஒருவனைப் பகிடிக்கு அந்தச் சொல்லால் கூப்பிட்டால் அவனும் சிரிப்பான்தான். ஆனால் கையில் இருக்கும் வேலை ஒரு கணம் நின்றுபோகும். நட்டை ஏசுவதும் அவனை ஏசுவதும் ஒன்றென்று நான் நினைக்கவில்லை. முழுவதையும் விட முடியாதவர்கள் இதையாவது விடலாம்.

எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்பீர்கள். லண்டனில் 2009இல் வந்த ஓர் ஆய்வில், புதுப் பழக்கமொன்று தானாக வருமளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை வித்தியாசம். ஆகவே 'கோதாரி' உங்கள் வாயில் தானாக வரச் சில மாதம் ஆனால் பயப்பட வேண்டாம்.

மகள் விஷயம்: அவள் சொல்லும்போது சிரிக்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். வீடே திரும்பிப் பார்க்கும் சொல் என்று தெரிந்தால் விடவே மாட்டாள். கேட்காத மாதிரி இருந்துவிட்டு, அவளுக்கும் அம்மம்மாவின் சொல் ஒன்றைக் கொடுங்கள். மூன்று வயதில் 'என்ன கோதாரி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.